விற்ற பாட்டும் விடுபட்ட பாட்டும்

2020-ல் மறைந்த அமெரிக்கப் பாடகர் பில் விதர்ஸின் புகழ்பெற்ற பாடல்களைத் திரட்டி 1981-ல் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. பத்துப் பாடல்கள். பத்தும் நல்லவையே. ஆயினும் மனிதர் முழுமையாக அதில் இல்லை.

விதர்ஸ் 1938-ல் நிலக்கரிச் சுரங்க ஊர் ஒன்றில் பிறந்தவர். பேச்சு திக்கும். ஒன்பதாண்டு கடற்படை வேலை. பிறகு லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பிழைக்கப் போய், விமானக் கழிப்பறை இருக்கை செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தார். 1971-ல் வந்த முதல் இசைத்தட்டின் அட்டைப் படத்தில் அவர் கையில் இருப்பது கித்தார் அல்ல, சாப்பாட்டுப் பெட்டி! பாட்டை நம்பி உடனே வேலையை விட்டுவிடவும் இல்லை, விவரமானவர்.

'லீன் ஆன் மீ' திரட்டில் இருக்கிறது. 1972-ல் விற்பனையில் முதலிடம் பிடித்த பாட்டு, இல்லாமல் போகுமா? ஆனால் 'ஐ கான்ட் ரைட் லெஃப்ட் ஹாண்டட்' இல்லை. வியட்நாம் போரில் வலக்கை போன சிப்பாய், தாயாருக்குக் கடிதம் எழுதித் தரும்படி இன்னொருவரை வேண்டுகிற பாட்டு அது. கடிதமே கதியென்று அயலூரில் காலம் தள்ளியவர்களுக்கு அந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை.

விற்றதை மட்டும் எண்ணித் தொகுத்தால் இப்படித்தான் நேரும். அந்தப் பாட்டு 1973-ல் வெளியான கார்னகி ஹால் கச்சேரித் தட்டில் இருக்கிறது. திரட்டை வாங்குகிறவர்கள் முதலில் அதைத் தேடிப் பிடிக்கட்டும்.