கார் ஷெட்டில் நாலு மேஜை

உங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் சாப்பாட்டு மேஜையைக் காலி செய்வது யார்? சற்று யோசித்துச் சொல்லுங்கள். பிள்ளையின் கணக்கு நோட்டு, அவருடைய லாப்டாப், பாதி வெட்டிய ரவிக்கைத் துணி, குண்டூசி டப்பா எல்லாவற்றையும் வாரி எடுத்து ஒரு நாற்காலியில் குவித்துவிட்டு, மேஜையைத் துடைத்துத் தட்டு வைப்பது யார்? நீங்கள்தானே? சரி, அந்த ரவிக்கைத் துணி யாருடையது? அதுவும் உங்களுடையதுதான்!

கார் ஷெட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தவள் சாப்பாட்டு மேஜையில் ஆரம்பிக்கிறாளே என்று நினைக்காதீர்கள். விஷயம் இருக்கிறது.

எங்கள் வீட்டுக் கார் ஷெட் 10 அடி அகலம், 18 அடி நீளம். 2015 டிசம்பரில் சென்னையில் வந்த வெள்ளத்தில் அங்கே இடுப்பளவு தண்ணீர் நின்றது. கார் பழைய இரும்பு விலைக்குப் போயிற்று. மறு வருஷம் என் மாமனார் ரிடையர் ஆனார். ரயில் பெட்டிப் பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்த மனிதர். வேலையை விட்டு வந்த மறுநாளே கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவித்தார். காலியான ஷெட்டைப் பார்த்தார். அவ்வளவுதான், பட்டறை பிறந்துவிட்டது!

முதலில் போட்டது ஒரே மேஜை. ஆனால் ராஜ மேஜை! சுவரோடு சுவராக 16 அடி நீளம். அதிலேயே ரம்பத்தால் அறுப்பார். அதிலேயே இரும்பைத் தேய்ப்பார். அதன் மூலையிலேயே தெருவில் எல்லார் வீட்டு மிக்ஸியையும் பிரித்துப் போடுவார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆறு மாதத்தில் தெரிந்துபோயிற்று, வேலைகள் ஒன்றோடொன்று சண்டை போடும் என்று. பிரித்து வைத்த மிக்ஸி மோட்டாருக்குள் மரத்தூள் போய் உட்கார்ந்தது. என் நாத்தனாருக்கென்று ஆசையாக இழைத்த தேக்குப் பலகையில் இரும்புத் தூள் விழுந்து, அதன்மேல் மழைச் சாரலும் பட்டு, கறுப்புக் கறுப்பாகப் புள்ளி எழுந்தது. ஒரு வேலையைத் தொட வேண்டுமானால் இன்னொரு வேலையை ஒதுக்க வேண்டும். ஒதுக்கின வேலையில் நாலு திருகாணி காணாமல் போகும். அதைத் தேடுவதற்கு வீட்டில் இருக்கிற எல்லாரும் டார்ச்சுடன் வர வேண்டும்!

இது வரையில் வேடிக்கைதான். ஒருநாள் ராத்திரி நடந்தது வேடிக்கை அல்ல.

பத்து மணி இருக்கும். நாங்கள் படுக்கப் போய்விட்டோம். அத்தை மட்டும் எழுந்து கூடத்தில் நடந்துகொண்டிருந்தார்.

“என்ன அத்தை, தூக்கம் வரலையா?” என்றேன்.

“எங்கேயோ கருகுற வாசனை வருதும்மா. அடுப்பைப் பார்த்தேன், அணைஞ்சுதான் இருக்கு.”

ஷெட்டைத் திறந்தால் புகை! சாயந்திரம் ஐந்து மணிக்கு மாமா கிரைண்டரில் ஒரு கீலைத் தேய்த்திருக்கிறார். (மாவரைக்கிற கிரைண்டர் அல்ல, சகோதரிகளே. இரும்பைத் தேய்க்கிற, தீபாவளி மத்தாப்பு மாதிரி பொறி கக்குகிற கிரைண்டர்.) ஒரு பொறி, மேஜைக்கு அடியில் குவிந்திருந்த மரத்தூளுக்குள் போய்விட்டது. மரத்தூள் வைக்கோல் மாதிரி குப்பென்று எரியாது. உள்ளுக்குள்ளேயே மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். பக்கத்திலேயே அரக்குப் பாலிஷ் கலக்க வைத்திருந்த ஸ்பிரிட் டப்பா. இரண்டு குடம் தண்ணீரில் தீ அடங்கிவிட்டது. மாமாவின் முகத்தைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. “பட்டறையிலே எத்தனை பசங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கேன்” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் காப்பி குடித்த கையோடு, பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஷெட்டின் படம் போட ஆரம்பித்தார். அப்போதிலிருந்து நானும் இந்த மேஜை சாஸ்திரத்தில் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் ஷெட்டின் கதவு மேற்கே, தெருப்பக்கம். பின்வாசல் கிழக்கே, வீட்டுப் பக்கம். சென்னையில் சாயந்திரம் கடற்காற்று கிழக்கேயிருந்து வரும் அல்லவா? ஆகவே தூசியும் பொறியும் கிளப்புகிற வேலை மேற்கே, சுத்தம் வேண்டியிருக்கிற வேலை கிழக்கே. காற்றே பாதித் துடைப்பம்! தெருக்கதவை ஒட்டி, வெறும் சிமெண்டுத் தரையில், 4 அடிக்கு இரும்பு வேலை மேஜை. கிரைண்டரின் முகம் சுவரைப் பார்த்து. பக்கத்தில் ஒரு வாளி மணல். நடு ஷெட்டில் மர வேலை மேஜை, 8 அடி நீளம், 2 அடி அகலம். இதைச் சுவரோடு ஒட்டவில்லை. நீளப் பலகையை இழைக்கும்போது மனிதர் சுற்றி வர வேண்டும். இரண்டு பக்கமும் 4 அடி விட்டதால், ஒருவர் குனிந்து வேலை செய்யும்போது இன்னொருவர் இடிக்காமல் போகலாம். பின்வாசலை ஒட்டி ஜன்னலுக்குக் கீழே மின்சாரச் சாமான் பிரிக்கிற, ஈயப் பற்று வைக்கிற மேஜை.

ஈயம் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஷெட் வருவதற்கு முன்னால் மாமா இந்த ஈயப் பற்று வேலையைச் சாப்பாட்டு மேஜையில் ஒரு பழைய பேப்பரை விரித்துக்கொண்டுதான் செய்வார். உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் செய்யலாம். பற்று வைக்கிற கம்பியில் பல ரகங்களில் காரீயம் கலந்திருக்கிறது. அது வயிற்றுக்குள் போகக் கூடாத வஸ்து. குழந்தைகளுக்கு ரொம்பக் கெடுதல். அந்த வேலைக்குத் தனி மேஜை ஆடம்பரம் இல்லை. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.

இனி உயரம். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் இதில் நம் சமையலறையும் வருகிறது.

எல்லா மேஜையும் ஒரே உயரத்தில் இருந்தால் பார்வைக்கு நன்றாக இருக்கும், முதுகுக்கு நன்றாக இராது. இழைப்புளி தள்ளுவது உடம்பின் பாரத்தைக் கொடுத்துச் செய்கிற வேலை. அதற்கு மேஜை தாழ்ந்திருக்க வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிகிற இடம் எதுவோ, ஏறக்குறைய அந்த உயரம். 5 அடி 8 அங்குலம் இருக்கிற மாமாவுக்கு அது 33 அங்குலம் வந்தது. இரும்பை அரத்தால் ராவுவதற்கு வேறு கணக்கு. வைஸின் வாய் முழங்கை உயரத்துக்கு வர வேண்டும் என்பது பட்டறைப் பழக்கம். மாமாவின் முழங்கை 42 அங்குலம், வைஸ் மட்டும் 8 அங்குலம். ஆகவே மேஜை 34. ஈயப் பற்று உட்கார்ந்து செய்கிற வேலை. அதற்கு 30 போதும்.

இப்போது உங்கள் சமையல் மேடைக்கு முன்னால் போய் நில்லுங்கள். மேஸ்திரி வந்து யாரைக் கேட்டு அந்த உயரத்தை வைத்தார்? மாவு பிசைவது இழைப்புளி தள்ளுவது மாதிரி. காய் நறுக்குவதற்கு மேடை அதைவிடச் சற்று உயர்ந்திருந்தால் கழுத்து வலிக்காது. இரண்டும் ஒரே கல்லில்! எங்கள் அத்தை 5 அடி. நான் 5 அடி 5 அங்குலம். அவருக்குச் சப்பாத்தி மாவு பிசைந்தால் தோள்பட்டை வலி. எனக்கு நறுக்கினால் இடுப்பு வலி. இருபது வருஷமாக இதை வயசு என்றும் வாயு என்றும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அமெரிக்காவில் லில்லியன் கில்பிரெத் என்று ஒரு அம்மாள் இருந்தார். 1878இல் பிறந்தவர், பன்னிரண்டு குழந்தைகளைப் பெற்றவர், அதற்கு நடுவே டாக்டர் பட்டமும் வாங்கினவர். கணவர் பிராங்க் கில்பிரெத் கொத்தனார் வேலையை ஆராய்ந்தவர். செங்கல்லைக் குனிந்து எடுக்காமல், கைக்குச் சரியான உயரத்தில் சாரத்தின் மேல் வைத்துக் கொடுத்து, ஒரு கல்லை வைக்க ஆகிற 18 அசைவுகளை 5 ஆகக் குறைத்தார். 1924இல் அவர் திடீரென்று இறந்துபோனார். அந்த அம்மாள் குடும்பத்தையும் தொழிலையும் தாமே தூக்கி நிறுத்தினார். அதே கணக்கைச் சமையலறைக்கும் கொண்டு வந்தார். அடுப்பும் தொட்டியும் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று ஆயிரக்கணக்கான பெண்களைக் கேட்டாராம். கேட்டாராம், பாருங்கள்! நாங்கள் என்ன செய்தோம் என்றால், மாமாவை விட்டு அத்தை நிற்பதற்கு 3 அங்குல உயரத்தில், ஓரத்தில் கால் தடுக்காத மாதிரி ஒரு மரப் பலகை செய்து போட்டோம். தோள்பட்டை வலி பாதி குறைந்தது. செலவு, வீணாய்க் கிடந்த மரத்துண்டு.

மேஜை செய்கிற செலவைக் கேட்பீர்கள். மர வேலை மேஜைக்கு 8 அடிக்கு 4 அடி, 19 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்று. நீளவாட்டில் நடுவே அறுத்தால் 8 அடிக்கு 2 அடியாக இரண்டு பலகை. ஒன்றன்மேல் ஒன்றை வைத்துப் பசை போட்டு முடுக்கினால் 38 மில்லிமீட்டர் கனம். சுத்தியால் அடித்தாலும் துள்ளாது. கால்கள் 3 அங்குலச் சதுரம். குறுக்குச் சட்டம் இல்லாவிட்டால் இழைக்கும்போது மேஜை ஊஞ்சலாடும். சுவரோரம் போடுகிற மேஜைக்கு 2 அடி அகலத்துக்கு மேல் ஆசைப்படாதீர்கள். கை எட்டாத இடத்தில் வேலை நடக்காது, பழைய பெயிண்ட் டப்பாதான் குடியேறும். கரையானுக்கும் ஈரத்துக்கும் பயந்து ஒவ்வொரு காலுக்கும் அடியில் கருங்கல் துண்டு. மோட்டார் உள்ள எதையும் கீழ்த்தட்டில் வைப்பதில்லை என்று ஒரு சட்டம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்தச் சட்டம்தான் கிரைண்டரைக் காப்பாற்றியது. மின்சார பிளக்குகள் மேஜைக்கு மேலே, சுவரில். கசிவு கண்டால் தானே அணைந்துவிடுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று ஷெட்டுக்கென்று தனியாக. இதை மட்டும் சொந்தமாகச் செய்ய வேண்டாம், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மூன்று மேஜைதானே ஆயிற்று, நாலாவது எங்கே என்கிறீர்களா?

மாமா படத்தைப் போட்டு முடித்து, எங்கள் எல்லாரையும் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினார். அத்தை மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

“எல்லாம் சரிங்க. என் தையல் மிஷினுக்கு எங்கே இடம்?”

மாமா திகைத்துப் போய்விட்டார். “உனக்குத்தான் வீடு முழுக்க இருக்கே!”

“வீடு முழுக்க இருக்கு. ஒரு இடத்திலேயாவது ராத்திரி வச்சது காலையிலே அப்படியே இருக்குமா?”

யாரும் பேசவில்லை. நாற்பது வருஷமாக அத்தை தைத்துக்கொண்டிருக்கிறார். வீட்டில் எல்லார் ரவிக்கையும், என் பிள்ளைகளின் தொட்டில் துணி முதல் கொலு மேடையின் விரிப்பு வரையில் அவர் கைவேலை. நாற்பது வருஷமாக, பாதி வெட்டின துணியை நாலாக மடித்து, குண்டூசி எல்லாம் பிடுங்கி, குக்கர் சத்தம் கேட்டதும் எடுத்து வைத்திருக்கிறார். மடித்ததைப் பிரித்து, அடையாளம் வைத்த சுண்ணாம்புக் கோடு அழிந்துபோய், மறுபடி அளந்து, மறுபடி ஊசி குத்தி... நானும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் தோன்றவில்லை. ஆபீசில் எனக்கென்று ஒரு மேஜை இருக்கிறது. அதில் குப்பை மாதிரி கிடக்கிற காகிதத்தை யாராவது ஒதுக்கி வைத்தால் சண்டைக்குப் போகிறவள் நான்!

மாமா முதலில் தெருக்கதவுப் பக்கம் ஒரு மூலை தருவதாகச் சொன்னார். “பொறி பறக்கிற இடத்திலே பருத்தித் துணியா மாமா?” என்றேன். அதற்கு மேல் அவரே பேசவில்லை. படத்தில் ஒரு கோட்டை அழித்தார். ஜன்னலுக்குக் கீழே இருந்த அவருடைய ஈயப் பற்று மேஜை எதிர்ச் சுவருக்கு, ஒரு சின்ன வெளியேற்று விசிறியின் அடிக்குப் போயிற்று. நீளமும் 3 அடியாகச் சுருங்கிற்று. ஜன்னலும், கடற்காற்றும், இடது பக்கத்திலிருந்து வரும் காலை வெளிச்சமும் அத்தைக்கு. பழைய கட்டடம் இடிக்கிற இடத்தில் வாங்கின கதவு ஒன்றை இழைத்து மேலே கண்ணாடி மாதிரி வழவழப்பாக்கி, துணி இழை பிரியாத மாதிரி ஓரங்களை உருட்டி, வெட்டுகிற மேஜை செய்தார். அத்தையை நிற்கவைத்து அளந்த உயரம். மிஷின் பக்கத்தில். மர மேஜைக்கும் இதற்கும் நடுவே தூசி வராமல் கனத்த பிளாஸ்டிக் திரை. ஏனோ, அவர் செய்த நாலு மேஜைகளில் இதில்தான் ஒரு கீறல்கூட இல்லை.

மேஜை போட்ட முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்கு அத்தை வழக்கம்போல் துணியை மடிக்க ஆரம்பித்தார். பாதி மடித்தவர் நிறுத்தினார். திரும்பவும் விரித்தார். கத்தரிக்கோலை அதன் மேலேயே வைத்துவிட்டு, விளக்கை அணைத்துச் சாப்பிட வந்தார். அன்றைக்கு இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

போன வாரம் மாமாவுக்கு ஒரு அலமாரிக் கதவைப் பசை போட்டுக் காய வைக்க இடம் இல்லை. மூன்று மேஜையும் நிறைந்து கிடந்தன.

“உன் மேஜையிலே ஒரு ஓரமா, ஒரே ஒரு ராத்திரி வச்சுக்கட்டுமா?” என்று திரைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்.

“துணி விரிச்சிருக்கேங்க. நாளன்னிக்கு வேணா பாருங்க” என்றார் அத்தை, தலையை நிமிர்த்தாமல்.

அலமாரிக் கதவு அன்று ராத்திரி எங்கள் சாப்பாட்டு மேஜையில் காய்ந்தது. நாங்கள் தரையில் இலை போட்டுச் சாப்பிட்டோம்.