வீழ்ந்த பொறியின் வாய்மொழி

தமிழ் பயிலும் மாணாக்கர்க்குக் கணிப்பொறியின் உட்கூற்றில் என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். சென்ற பருவத்தில் யாம் ஓலைச்சுவடிகளின் நிழற்படங்களுக்கு அட்டவணை செய்துவந்தோம். அவற்றைத் தாங்கிய சர்வர் மும்முறை வீழ்ந்து, மும்முறையும் தானே எழுந்தது. காரணம் கூற ஒரு குறிப்பும் எஞ்சவில்லை. நான்காம் முறை அட்டவணைக் கோப்புச் சிதைந்து, பத்து நாள் உழைப்புப் பாழாயிற்று. அதுவே இதனை எழுதத் தூண்டிற்று.

இயங்குதளத்தின் உயிர்நிலையாகிய கெர்னல், திருத்தவொண்ணாப் பிழையொன்றைக் காணின், மேலும் ஓடித் தரவைக் கெடுப்பதினும் நிற்றலே நன்றெனத் தானே நின்றுவிடும். அவ்வேளை நினைவகத்தில் இருந்தவற்றைப் படியெடுத்து வைப்பதே கிராஷ் டம்ப் எனப்படும். இறந்தார் உடலை ஆராய்ந்து மருத்துவர் காரணம் காணுமாறுபோல, பொறியாளர் இப்படியை ஆராய்ந்து பிழை காண்பர்.

ஆயின் இச்சான்று விலையின்றிக் கிட்டுவதன்று. லினக்ஸில் 2005ஆம் ஆண்டு புகுந்த கேடம்ப் என்னும் முறையில், பிழைபட்ட கெர்னலை நம்பாது, இரண்டாம் கெர்னல் ஒன்று எழுந்து படியெடுக்கும். அதற்கென ஒதுக்கிய நினைவகம் நாள்தோறும் வேறெதற்கும் பயன்படாது. இது முதல் விலை.

இரண்டாவது காலம். 512 ஜிகாபைட் நினைவகம் முழுவதையும் விநாடிக்கு 500 மெகாபைட் வீதம் எழுதின் 17 நிமிடம் ஆகும். அத்துணைப் பொழுதும் சர்வர் வாய்மூடிக் கிடக்கும். விண்டோஸில் உள்ள சிறுபடியோ நொடியில் முடியும்; எனினும் பல வேளைகளில் காரணத்தைக் காட்டாது.

மூன்றாவது மறைபொருள். நினைவகத்தில் கடவுச்சொல்லும் திறவுகோலும் கிடக்கும். 2023 செப்டம்பரில் மைக்ரோசாப்டு நிறுவனம், தன் கையொப்பத் திறவுகோலொன்று இத்தகைய படியின் வழியே கசிந்திருக்கலாம் என்று கூறியது. 2024 மார்ச்சில், அத்திறவுகோல் அடங்கிய படி எதுவும் கண்டறியப்படவில்லை என்று திருத்தியது. கசிந்ததோ இல்லையோ, அவ்வையத்திற்கு இடமுண்டு என்பது தெளிவு.

எனவே படியே வேண்டா, விரைந்தெழுந்தாற் போதும் என்பாரும் உளர். அவரோடு யாம் உடன்படோம். காரணம் அறியாது எழுந்த பொறி மீண்டும் வீழும் என்பதற்கு எம் அட்டவணையே சான்று. தனியொருவர் மடிக்கணினிக்குச் சிறுபடி அமையும். பலர்க்குப் பயன்படும் சர்வருக்கு, வெற்றுப் பக்கங்களையும் பயனர் பக்கங்களையும் நீக்கிய கெர்னல் படியே தகும். அது காலத்தையும் சுருக்கும், மறைபொருளையும் குறைக்கும். ஆயினும் கெர்னலிடத்தும் திறவுகோல்கள் இருத்தலின், அப்படியைப் பூட்டிவைத்து, ஆய்ந்தபின் அழித்தல் வேண்டும். ஏற்று நடத்த மாற்றுச் சர்வர் உள்ளவிடத்து மட்டும் முழுப்படிக்குக் காத்திருக்கலாம்.

இவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. எம் சர்வரில் கேடம்ப் இல்லாமலில்லை. ஒதுக்கிய நினைவகம் போதாமையால் இரண்டாம் கெர்னல் ஒருமுறையும் எழவில்லை. ஒதுக்கீட்டை மிகுத்தபின் நேர்ந்த ஐந்தாம் வீழ்ச்சியின் படி, வலையட்டையை இயக்கும் நிரலின் பிழையைக் காட்டிற்று. ஓய்வான நாளில் ஒருமுறை பொறியை வேண்டுமென்றே வீழ்த்திச் சோதித்திருப்பின், பத்து நாள் உழைப்பு எமக்கு மிஞ்சியிருக்கும். சோதியாத காவல் காவலன்று. பொறிகளைப் பேணுவோர் இதனைக் கருத்திற் கொள்வாராக.