முதற் சம்பளத்தை வைத்துக் கட்டடக்கலையை எடைபோடாதீர்கள்

“ஆர்க்கிடெக்டா? மொறட்டுவ கிடைத்தால் போகட்டும். காசு கட்டிப் படித்தால் போட்ட முதலும் திரும்பாது.” உயர்தரப் பெறுபேறு வந்ததும் அம்பாறைக் கரையோரத்தின் பாலமுனையிலும் அட்டாளைச்சேனையிலும் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் புத்திமதி இது. கட்டணத்தையும் முதற் சம்பளத்தையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் கழித்துப் பார்க்கிறோம். அந்தக் கணக்கே பிழை.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் இல்லைதான். ஆனால் எங்கள் கரையோரத்துப் பிள்ளைக்கு அது ஐந்து வருட போடிங் வாடகை, சாப்பாடு, இரவு பஸ். அதற்கு மேல் பெரிய தாளில் பிரிண்ட், கனத்த மென்பொருளைத் தாங்கும் லெப்டொப், மொடல் செய்யும் அட்டை. கிழமை முழுக்க நித்திரை முழித்து வெட்டி ஒட்டிய மொடலை விரிவுரையாளர் மாற்றச் சொன்னால், அட்டையைத் திரும்பவும் வாங்கத்தான் வேண்டும். கொழும்பிலுள்ள சிட்டி ஸ்கூல் ஒஃப் ஆர்க்கிடெக்சரில் கட்டணம் உண்டு. ஆனால் மாணவர் கட்டடக் கலைஞர் ஒருவரின் அலுவலகத்தில் வேலை செய்துகொண்டே படிக்கலாம். கட்டணத்தை மட்டும் ஒப்பிடுபவர் இந்த வருமானத்தைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

அடுத்தது சம்பளம். பட்டம் வாங்கிய அன்றே யாரும் கட்டடக் கலைஞர் ஆகிவிடுவதில்லை. தகுதி பெற்ற ஒருவரின் கீழ் வேலை பழகி, தொழில்சார் இறுதிப் பரீட்சையில் சித்தியடைந்து, பதிவும் பெற வேண்டும். ஆகவே முதல் வருடச் சம்பளம் பயிலுநரின் சம்பளம். உள்ளகப் பயிற்சி வைத்தியரின் சம்பளத்தைப் பார்த்து மருத்துவப் படிப்பை வேண்டாமென்று எந்த வாப்பாவும் சொன்னதில்லையே! நாட்டின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர், 1919இல் பிறந்த ஜெஃப்ரி பாவா, சட்டத்தொழிலை விட்டு வந்து இத்துறையில் தகுதி பெற்றது 1957இல். இது மெதுவாகக் காய்க்கும் தொழில்.

இந்தியாவில் மலிவாக முடிக்கலாம் என்பாரும் உண்டு. முடிக்கலாம். அந்தப் பட்டத்தை இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவகம் எந்த அளவுக்கு ஏற்கும் என்று பணம் கட்டுவதற்கு முன்னரே எழுதிக் கேளுங்கள்.

“ஊரில் ஆர்க்கிடெக்டுக்கு என்ன வேலை? பிளான் கீற ஆள் இருக்கிறது, கட்ட மேசன் இருக்கிறார்” என்ற பேச்சுத்தான் எனக்கு மிகவும் வலிக்கிறது. இங்கே வீடு பெண்பிள்ளையோடு சேர்ந்தது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். மூன்று மகள்மார் என்றால் ஒரே வளவு மூன்றாகிறது. சுவரோடு சுவர் ஒட்டுகிறது, கிணறும் மலசலகுழியும் நெருங்குகின்றன. கடற்காற்று வரும் கிழக்குப் பக்கம் அடைபட்டு, பின்னேர வெயில் விழும் மேற்குப் பக்கம் பெரிய கண்ணாடி யன்னல் வருகிறது. கட்டாரிலும் சவூதியிலும் உழைத்த காசு கொங்கிரீட் தட்டாகி இரவிலும் அனல் கக்குகிறது. மாடிப்படியை எங்கே வைத்தால் நாளை இளையவளுக்கு மேல்வீடு எழுப்பலாம் என்று அத்திவாரம் வெட்டும்போதே யோசிக்க ஆளில்லை.

2004 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அதன்பின் வந்த வீட்டுத்திட்டங்கள் பலவும் ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு என்ற ஒரே அச்சில் கீறப்பட்டன. மகளின் வீடு எங்கே வரும் என்று அந்த வரைபடங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்கக்கூடியவர்கள், இந்த வளவுகளில் வளர்ந்து இத்தொழிலைப் படித்தவர்கள். அவர்கள் எங்களிடம் போதிய அளவு இல்லை. பக்கத்து ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் பொறியியலாளர்களை உருவாக்குகிறது. கட்டடக்கலைக்கு இன்னும் மேற்குக் கரைக்குத்தான் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. ஏற நினைக்கும் பிள்ளையை முதற் சம்பளத்தைக் காட்டி மறிக்காதீர்கள்.