சுந்தரானந்தர் கண்ட மரம்

புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தாசிரமத்திற்குச் செல்லும் அன்பர்கள் சமாதியை வணங்கி, கடற்கரையில் சற்று நேரம் காற்று வாங்கித் திரும்பிவிடுவது வழக்கம். அதே நகரில் ஆசிரமத்து அடியார்கள் தங்குவதற்கென எழுந்த ‘கோல்கோந்த்’ என்னும் விடுதியைப் பலர் அறியார். அதைக் கட்டும் பொறுப்பை ஏற்று வந்தவர், ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கரான ஜார்ஜ் நகாஷிமா. அவர் 1905ஆம் ஆண்டு பிறந்தவர். கட்டடக் கலை பயின்றவர்.

ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரி மூலம் கிடைத்த நன்கொடையால் எழுந்ததால், கோல்கொண்டா கோட்டையின் பெயரே பிரெஞ்சு ஒலிப்பில் இந்த விடுதிக்கு அமைந்தது. வரைபடம் தந்தவர் டோக்கியோவில் தொழில் நடத்திவந்த அன்டோனின் ரேமண்ட். அவருடைய அலுவலகத்திலிருந்து 1937இல் இங்கு வந்த நகாஷிமா, அன்னையையும் அரவிந்தரையும் கண்டபின் தமக்குரிய ஊதியத்தையும் துறந்து அடியாராகவே தங்கிவிட்டார். அரவிந்தர் அவருக்குச் சூட்டிய திருநாமம் சுந்தரானந்தர். அழகில் ஆனந்தம் கொள்பவர் என்பது பொருள்.

கட்டுமானத்தில் கைகொடுத்தவர்களுள் பலர் அதுவரை சாந்துக் கரண்டி பிடித்தறியாத அடியார்கள். பொருளோ அக்காலத்தில் நம் நாட்டுக்குப் புதிதான கம்பி கட்டிய கான்கிரீட். புதுவை வெயிலில் கான்கிரீட் கட்டடம் அடுப்பாகிவிடாதா? அதற்கு அவர்கள் கண்ட உபாயங்கள்தாம் வியப்புக்குரியவை. வடக்கும் தெற்கும் நோக்கிய நீண்ட சுவர்களில் கண்ணாடிச் சன்னலே கிடையாது. கல்நார் சிமெண்டுப் பலகைகளை வரிசையாகக் கிடத்தி, வேண்டியபடி சாய்க்கவும் திறக்கவும் வைத்தார்கள். வெயிலும் சாரலும் வெளியே நிற்கும், கடற்காற்று உள்ளே வரும். கூரையின் மேல் வளைந்த சிமெண்டு ஓடுகளை அடுக்கி, இடையில் காற்று ஓட வழி விட்டார்கள். அறைக் கதவுகள் தேக்குச் சட்டங்களால் ஆன தள்ளு கதவுகள். அவற்றின் வழியே காற்று புகும். பிறர் கண் புகாது. ஆசிரமத்துப் பித்தளைப் பாத்திரங்களை உருக்கிக் கைப்பிடிகளையும் தாழ்ப்பாள்களையும் வார்த்தார்கள் என்பர். தரைக்குக் கடப்பைக் கல்.

வங்கியில் கட்டடக் கடன் கோப்புகளைப் பார்த்துப் பழகியவன் நான். ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வேலை என்றாலே முகம் சுளிப்பேன். இந்தக் கட்டடமும் எண்ணியதைவிட நெடுங்காலம் இழுத்தது. ஆனால் இங்கே காலம் விரயமானதாக எனக்குத் தோன்றவில்லை.

நகாஷிமா 1939இல் விடைபெற்றார். பின்னர் அமெரிக்கா திரும்பியவருக்கு 1942இல் சோதனை வந்தது. ஜப்பானிய இரத்தம் என்ற ஒரே குற்றத்துக்காக, மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஐடஹோ மாநிலத்து மினிடோகா முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே அவருக்கு ஒரு குரு வாய்த்தார். ஜப்பானிய மரபில் பயின்ற தச்சர் கெண்டாரோ ஹிகோகாவா. பாலைநிலத்துச் சுள்ளிகளையும் எறிந்த பலகைத் துண்டுகளையும் கொண்டே இருவரும் வேலை செய்தனர். உளி பிடிக்கும் முறையையும், மரத்தின் ரேகை ஓடும் திசையைப் படிக்கும் பொறுமையையும் அங்கேதான் கற்றார். மறு ஆண்டு ரேமண்டே முன்னின்று அவரை விடுவித்துப் பென்சில்வேனியாவுக்கு அழைத்துக்கொண்டார்.

அங்கே அவர் செய்த மேசைகள் உலகப் புகழ் பெற்றன. மற்றத் தச்சர்கள் வெட்டி எறியும் முடிச்சும் வெடிப்பும் அவற்றில் அப்படியே இருக்கும். விளிம்பையும் நேராக்கமாட்டார், மரம் வளர்ந்த வளைவே மேசையின் ஓரம். வெடிப்பு மேலும் விரியாமல் இருக்க, இருபுறமும் அகன்று நடுவே இடுங்கிய ஒரு சிறு கட்டையை அதன் குறுக்கே பதிப்பார். மேல்நாட்டார் அதை வண்ணத்துப்பூச்சி என்கிறார்கள். நம் கண்ணுக்குச் சிவபெருமான் திருக்கரத்து உடுக்கை. பசையோ மெழுகோ பூசி அந்தப் பிளவை மறைக்க அவர் மனம் ஒப்பவில்லை. பல காலம் வெயிலும் மழையும் தாங்கிய மரத்துக்கு இரண்டாவது வாழ்வு தருவதே தச்சன் கடமை என்று கருதியவர் அவர்.

நம் ஊர்த் திருப்பணிகளை நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது. ஒரு கோயிலில், சிறு வெடிப்புக் கண்ட பழைய தேக்குக் கதவுகளைக் கழற்றிப் பழைய மரக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு, பளபளக்கும் இரும்புக் கதவு மாட்டியிருந்தார்கள். தலைமுறைகளாக அடியார் கை பட்டு மெருகேறிய மரம் அது. ஒரு நல்ல ஆசாரியை அழைத்திருந்தால், இரண்டு நாள் வேலையில் அந்தக் கதவு இன்னும் நூறாண்டு நின்றிருக்கும். நன்கொடையாளர் பெயரைப் பொறிக்க இரும்புக் கதவில் இடம் மிகுதி என்பதும் ஒரு காரணமாயிருக்கலாம்!

முதுமையில் நகாஷிமாவுக்கு ஓர் எண்ணம் உதித்தது. மிகப் பெரிய வால்நட் மரம் ஒன்று கிடைக்க, அதன் பலகைகளைக் கொண்டு ஒவ்வொரு கண்டத்துக்கும் ஓர் அமைதிப் பீடம் செய்ய விரும்பினார். முதலாவது 1986ஆம் ஆண்டின் இறுதி நாளில் நியூயார்க்கின் புனித ஜான் தேவாலயத்தில் நிறுவப்பட்டது. 1990இல் அவர் மறைந்தார். பணியைத் தொடர்ந்தவர் மகள் மீரா, முகாமில் கைக்குழந்தையாக இருந்த அதே மீரா. ஆசியாவுக்கான பீடம் ஆரோவிலுக்கு வந்து சேர்ந்தது. மாத்ரிமந்திர் காணச் செல்லும் அன்பர்கள், ஒற்றுமை மண்டபத்தில் அது எங்கே என்று கேட்டால் வழி காட்டுவார்கள்.