காயை மட்டும் பார்த்தால் போதுமா?

நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், பள்ளியில் மலையாளம் படிக்கிறார்கள். ஆனால் தெருமுனையில் நிற்கும் மரத்தின் பெயர் இரண்டு மொழியிலும் அவர்களுக்குத் தெரிவதில்லை. பெரியவர்களைக் கேட்டால், "ஏதோ மாமரம் மாதிரி இருக்கிறது" என்பதோடு சரி. இந்த "மாதிரி"தான் எனக்குக் கவலை தருகிறது.

கேரளத்தில் காயலோரங்களிலும் தோட்டுக் கரைகளிலும் ஒதளம் என்றொரு மரம் சர்வ சாதாரணம். சில இடங்களில் வீட்டு எல்லையில் வேலிக்காகவே வளர்ப்பார்கள். காய் பச்சையாக, உருண்டையாக, சிறு மாங்காய் போலவே தொங்கும். இலையும் மாவிலை போல நீண்டு பளபளக்கும். மதுரையிலிருந்தோ கோவையிலிருந்தோ வந்த குடும்பத்துக் குழந்தை இதைப் பறித்துக் கடிக்கப் போனால் வியப்பில்லை. ஆனால் உள்ளே இருக்கும் பருப்பின் நஞ்சு இதயத் துடிப்பையே குலைத்துவிடும். தமிழில் இதற்குக் காட்டரளி என்று பெயர். அரளியின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

அடையாளம் காண்பது கடினமல்ல. காயோடு நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான். மாவிலையைக் கசக்கினால் மாங்காய் மணம் வரும். ஒதளத்தின் இலைக்காம்பை ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். மாங்காய்க் காம்பிலும் பால் வருமே என்பீர்கள். அதனால்தான் காயை விட்டு இலையை ஒடிக்கச் சொல்கிறேன். (ஒடித்த கையால் கண்ணைத் தொடாமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.) மாம்பூ பொடிப் பொடியாகக் கொத்தாக இருக்கும். ஒதளப் பூ வெள்ளையாக, ஐந்து இதழோடு, நடுவில் சற்று மஞ்சளாக இருக்கும். மரத்தடியில் கிடக்கும் பழைய காய்களையும் பாருங்கள். தோல் போய், தேங்காய் மட்டை போல் நார்க்கூடாகிக் கிடக்கும்.

ரயில்வேயில் டோக்கன் முறை இருந்த ஒற்றைப் பாதையில், எதிரே பாதை காலியாகத் தெரிகிறது என்பதற்காக டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். டோக்கன் கைக்கு வர வேண்டும். மரம் விஷயத்திலும் அந்தக் கண்டிப்பு தேவை என்பது என் கட்சி.

பெயரை மட்டும் நம்புவதும் ஆபத்து. நமக்குப் பாலை என்றால் இனிக்கும் பழம் தருகிற மரம். இங்கே பாலை என்றால் பெரும்பாலும் ஏழிலைப் பாலையை நினைப்பார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஒதளத்துக்கோ அதிர்ஷ்டம். டச்சுக்காரர் வான் ரீடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ் நூலில் அது இந்த ஊர்ப் பெயரோடு இடம்பெற்றது. தாவரவியலாரும் "செர்பெரா ஒடல்லம்" என்று அதையே வைத்துக்கொண்டார்கள். இன்று செல்போனில் படம் பிடித்தால் மரத்தின் பெயர் வருகிறது. நல்ல வசதிதான், ஆனால் காயை மட்டும் படம் பிடித்து அனுப்பினால் அதுவும் ஊகம்தான் சொல்லும்.

2024 ஏப்ரலில் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த ஓர் இளம்பெண் இறந்ததற்கு அரளி காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. அடுத்த மாதமே திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூ வேண்டாம் என்று முடிவெடுத்தது. சரியான முடிவு. ஆனால் இதைக் கேட்டவுடன் அரளியையும் ஒதளத்தையும் கண்ட இடத்தில் வெட்டிவிடலாம் என்று சிலர் பேசுவதை நான் ஏற்கவில்லை. காயல் கரையில் மண்ணைப் பிடித்து நிற்கிற மரம் அது. பிள்ளைகள் விளையாடும் வளாகத்துக்குள் அது வேண்டாம், மற்ற இடத்தில் இருக்கட்டும். மரத்தில் ஒரு பலகை மாட்டி, மலையாளத்திலும் தமிழிலும் பெயரெழுதி, "தின்னக் கூடாது" என்று சேர்க்க எவ்வளவு செலவாகும்? குடியிருப்போர் சங்கங்கள் செய்யக்கூடியதே.

நம் தமிழ்ச் சங்கமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை மியூசியம் வளாகத்துக்கு அழைத்துப் போகலாம். அடுத்த முறை பாலோட்டில் 1979இல் தொடங்கிய தாவரவியல் தோட்டத்துக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கிப் போகலாம். அதுவரை ஒன்றை மட்டும் வீட்டில் சொல்லி வையுங்கள்: குழந்தை தெரியாத காயைத் தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர், மோர் என்று கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாதீர்கள். மீதிக் காயையும் இலையோடு கூடிய ஒரு சிறு கிளையையும் பையில் போட்டுக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.