எதற்கு எத்தனை?

மாணவர்களே! தமிழாசிரியன் ஒருவன் கணக்கைப் பற்றிப் பேசப் புகுவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். விகிதக் கணக்கில் மாணவர் பலர் இடறுவது பெருக்கல் தெரியாமையால் அன்று. சொல்லின் பொருளை நோக்காமையாலேயே என்பது என் கருத்து. ஆதலின் அதைப் பற்றிப் பேச எனக்கும் உரிமை உண்டு.

நான்காம் வேற்றுமை உருபு 'கு' என்று கற்றிருக்கிறீர்கள். அவ்வுருபு அன்றாட வாழ்வில் ஆற்றும் தொண்டைப் பாருங்கள்: 'கிலோவுக்கு அறுபது ரூபாய்', 'மணிக்கு நாற்பது கிலோமீட்டர்', 'நூற்றுக்கு எட்டு வட்டி'. ஒன்றை அளவாக நிறுத்தி, அதற்கு மற்றொன்று எத்தனை என்று கூறுவதே வீதம். ஒரே அலகில் அளந்த இரண்டு அளவுகளை ஒப்பிடுவது விகிதம். இரண்டு விகிதங்கள் சமமாக இருத்தல் விகித சமம்.

இவ்வறிவு உயிர் காத்த வரலாறு ஒன்று உண்டு. 1971ஆம் ஆண்டு வங்காள தேச விடுதலைப் போரின்போது இலட்சக்கணக்கான மக்கள் எல்லை கடந்து மேற்கு வங்காளத்தில் புகலடைந்தனர். போங்காவ் என்னும் ஊரில் அவர்களிடையே காலரா பரவிற்று. குருதிநாளத்தின் வழியே செலுத்தும் உப்புநீர் போதவில்லை. அப்பொழுது மருத்துவர் திலீப் மகாலனாபிசு, வாயால் பருகும் கரைசலைத் தரத் துணிந்தார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையற்சோடா. இவ்வளவே அதன் கூறுகள். நூற்றுக்கு முப்பது அளவில் இருந்த இறப்பு, நூற்றுக்கு நான்கிற்கும் கீழே இறங்கிற்று.

இக்கரைசலைப் பத்து லிட்டர் செய்ய உப்பு எத்தனை வேண்டும்? 'நீர் ஒன்பது லிட்டர் கூடிற்று; உப்பும் ஒன்பது கிராம் கூடட்டும்' என்று 12.5 கிராம் இடுவான் ஒருவன். அவன் கூட்டலை அறிந்தவன், வீதத்தை அறியாதவன். லிட்டருக்கு 3.5 கிராம் எனின், பத்து லிட்டருக்கு 35 கிராம் வேண்டும். 1 : 10 = 3.5 : 35 என்பதே இங்குள்ள விகித சமம். நீரை ல லிட்டர் என்க; உப்பு 3.5 × ல கிராம் ஆகும். குவளையாயினும் அண்டாவாயினும் உப்புக்கும் சோடாவுக்கும் உள்ள விகிதம் 7 : 5 என்பது மாறாது. உப்புக் குறைந்தால் கரைசலின் பயன் குறையும். மிகுந்தால் பருகும் குழந்தைக்குத் தீங்காகும்.

'மூன்று எண்களைத் தந்தால் குறுக்கே பெருக்கி நான்காவதைக் காண்பேன். தேர்வில் அதுவே விரைவு' என்பாரும் உளர். அவ்விதி பழைமையானது, ஆரியபட்டர் 499ஆம் ஆண்டில் இயற்றிய நூலிலேயே உள்ளது. அதை நான் பழிக்கவில்லை. ஆயினும், ஒருவர் ஒரு பாட்டைப் பாட ஐந்து நிமிடம் ஆயின், பத்துப் பேர் சேர்ந்து பாட எவ்வளவு நேரம் ஆகும்? விதியை மட்டும் அறிந்தவன் ஐம்பது நிமிடம் என்பான். நான்கு பேர் ஆறு நாளில் வெட்டும் வாய்க்காலை எட்டுப் பேர் பன்னிரண்டு நாளில் வெட்டுவர் என்றும் சொல்வான். பாட்டுக்கு என்றும் ஐந்து நிமிடமே. வாய்க்காலுக்கோ ஆட்கள் இரட்டித்தால் நாட்கள் பாதியாகும். ஆகவே மூன்று நாள் போதும். இதனை எதிர்மாறல் என்பர். விதி பிழையன்று; அதை இடமறியாது ஏவுதலே பிழை.

ஆகவே, எண்களைத் தொடுமுன் இரண்டு வினாக்களைக் கேளுங்கள்: 'எதற்கு எத்தனை?', 'இது இரட்டித்தால் அதுவும் இரட்டிக்குமா?' விடையை ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள். அதற்குச் செலவாகும் அரை நிமிடம் வீண் அன்று. மருந்துச் சீட்டையும் கடன் பத்திரத்தையும் நீங்களே படித்துக் கணக்கிட வேண்டிய நாள் வரும். அன்று கணக்காசிரியர் அருகில் இரார். 'கு' என்னும் ஓரெழுத்து உருபு துணை நிற்கும்.