காலுக்கு ஏத்த சக்கரம்!

இன்டர்னல்ஸ் டென்ஷனைக் கொஞ்சம் ஓரமா வைங்க. இந்த வாரம் உங்களைச் சக்கரத்துல ஏத்தி விடுறதா முடிவு!

ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு எங்க கப்பலூர் சிட்கோ பக்கம் வந்து பாருங்க. கம்பெனிக்கெல்லாம் லீவு. லாரி இல்லாத உள்ரோட்டுல ஏழெட்டுப் பசங்க ஸ்கேட்ஸ் மாட்டிக்கிட்டு சர்ருனு போய்க்கிட்டு இருப்பாங்க. 2025 செப்டம்பர்ல சென்னைக்காரர் ஆனந்த்குமார் வேல்குமார், சீனாவின் பெய்டாய்ஹேவில் நடந்த உலக ஸ்பீட் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்ல 1,000 மீட்டரை 1 நிமிஷம் 24.924 விநாடியில முடிச்சுத் தங்கம் அடிச்சாரு. அதே போட்டியில 42 கி.மீ. மாரத்தான்லயும் தங்கம்! அதுக்கப்புறம் பசங்க என்கிட்ட கேக்குற முதல் கேள்வி இதுதான்: "அண்ணே, சாம்பியன் போடுற மாதிரி பெரிய சக்கரமா வாங்கிரட்டா?"

அவசரப்படாத தம்பி. முதல்ல என் கதையைக் கேளு!

எட்டாவது படிக்கிறப்போ எங்க அப்பா எனக்கு ஸ்கேட்ஸ் வாங்கித் தந்தார். லேத் பட்டறை வேலை, ரெண்டு மாசம் ஓவர்டைம் பார்த்த காசு. என் கால் சைஸ் ஆறு, ஷூ எட்டு. "வளர்ற புள்ள, ரெண்டு வருஷம் வரும்"னார். கடைக்காரரும் தலையாட்டினார். முன்னாடி துணியைத் திணிச்சுப் போட்டுக்கிட்டேன். முதல் போட்டி, முதல் வளைவு... கால் ஒரு பக்கம் திரும்புது, ஷூ வேற பக்கம் போகுது. விழுந்ததுல மணிக்கட்டு எலும்பு முறிஞ்சது. "நமக்கு இதெல்லாம் வராது"னு ஸ்கேட்ஸைப் பரண்ல போட்டேன். மூணு வருஷம் கழிச்சு ஒரு சீனியரோட பழைய ஷூவைச் சும்மா மாட்டிப் பார்த்தேன். கச்சிதமா இருந்துச்சு. அதே வளைவு, விழவே இல்லை! தப்பு என்கிட்ட இல்ல, ரெண்டு சைஸ்ல இருந்துருக்கு.

அதனால...

ஷூதான் ஃபர்ஸ்ட்!

சாயங்காலமா அளவு எடுங்க, அப்பதான் கால் லேசா வீங்கியிருக்கும். குதிகாலைச் சுவத்துல ஒட்டி, பேப்பர் மேல நின்னு, நீளமான விரல் வரை மில்லிமீட்டர்ல அளங்க. ரெண்டு காலும் ஒரே அளவா இருக்காது. பெரிய காலைக் கணக்குல எடுத்துக்கங்க. மெல்லிசான சாக்ஸ் போதும். முழங்காலை மடக்குறப்போ குதிகால் மேல எழும்பக் கூடாது. எழும்பினா, எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் அந்த ஷூ வேணாம் பாஸ்!

சக்கரம் எவ்வளவு பெரிசு?

80 மி.மீ.ல இருந்து 125 மி.மீ. வரை கிடைக்குது. பெரிய சக்கரம் ஒரு தடவை வேகம் பிடிச்சா லேசுல விடாது, சின்னக் குழியையும் தாண்டிரும். ஆனா கிளம்ப நேரமாகும், காலும் தரையை விட்டு உயர்ந்துரும். அதோட ரேஸ் ஷூ கணுக்காலுக்குக் கீழயே முடிஞ்சிரும், பிடிச்சு நிறுத்துறது உங்க தசைதான். புதுசா கத்துக்கறவங்களுக்கு கணுக்காலை மூடுற ஷூவும் 80 அல்லது 90 மி.மீ. சக்கரமும் போதும். ஒத்தைக் கால்ல ஆடாம பத்து எண்ணுற அளவு உருள முடியுதா? அப்புறம் 110 பத்தி யோசிக்கலாம்.

சக்கரத்து மேல 82ஏ, 85ஏனு போட்டிருக்கும். அது கடினத்தோட அளவு. நம்பர் கூடினா கெட்டி, குறைஞ்சா மெத்து. ஒல்லியா இருக்கிறவங்க கெட்டிச் சக்கரம் போட்டா கரடுமுரடு ரோட்டுல பல்லு கிட்டும். நல்ல எடை உள்ளவங்க மெத்துச் சக்கரம் போட்டா அது அமுங்கி, வேகத்தைத் தின்னுரும்.

பேரிங் பம்மாத்து!

"ஏபெக் 9 சார், பறக்கும்!"னு கடையில சொல்வாங்க. ஏபெக்ங்கிறது பேரிங்கை எவ்வளவு துல்லியமா செஞ்சிருக்காங்கங்கிற அளவு, அவ்வளவுதான். கணக்குப் போடுவோமா? 110 மி.மீ. சக்கரம் ஒரு சுத்துக்குச் சுமார் 34.5 செ.மீ. போகும். மணிக்கு 30 கி.மீ. வேகம்னாலும் நிமிஷத்துக்கு 1,450 சுத்துதான். அதுக்கு அவ்வளவு துல்லியம் தேவையே இல்ல. மணலைத் துடைச்சு எண்ணெய் விட்ட சாதா பேரிங், தூசி அடைச்ச காஸ்ட்லி பேரிங்கை விட நல்லாவே ஓடும்.

பனியிலயும் இதே கதைதான்!

கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங் தெரியும்ல? 1982-ல அமெரிக்காவின் பில் கோக், ஸ்கேட்டிங் பண்ற மாதிரி பக்கவாட்டுல உதைச்சு உலகக் கோப்பையை ஜெயிச்சார். அதுக்கப்புறம் அந்த ஸ்டைலே தனிப் பிரிவாச்சு. 2018 பியோங்சாங் ஒலிம்பிக்ல நம்ம ஜகதீஷ் சிங் கலந்துக்கிட்ட 15 கி.மீ. ஃப்ரீ ஸ்டைல் பந்தயமும் அந்த வகைதான். அதுக்கான ஸ்கீ குட்டையா, விறைப்பா இருக்கும். அங்க உயரத்தை மட்டும் பார்க்க மாட்டாங்க, எடையைத்தான் முக்கியமா கேப்பாங்க. உங்க எடைக்கு மெத்துன்னு இருந்தா நடுப்பகுதி பனியில அமுங்கி இழுக்கும். ரொம்ப விறைப்பா இருந்தா பிடி கிடைக்காது. ஆக, ரோடோ பனியோ, சாம்பியனோட கால் வேற, உங்க கால் வேற!

ஹெல்மெட், மணிக்கட்டு கார்டு, முழங்கால் பேட் இல்லாம இறங்காதீங்க. டோல்கேட் தாண்டி நாலுவழிச்சாலை பளபளன்னு கூப்பிடும். அந்தப் பக்கமே போகாதீங்க!

போன மாசம் ஒரு அண்ணன், தன் பொண்ணுக்கு ஷூ வாங்கணும்னு என்னைக் கூட்டிட்டுப் போனார். "ரெண்டு சைஸ் பெருசா எடுத்துரலாமா தம்பி?"னார். காசு மிச்சம் பண்றதுக்குத்தான் கேக்குறார், தப்பில்ல. "புதுசு வேணாம்ணே, சரியான சைஸ்ல செகண்ட் ஹேண்ட் எடுப்போம்"னேன். காசும் மிச்சம், பாப்பாவும் சூப்பரா ஓட்டுறா. வீட்டுக்கு வந்து எங்க அப்பாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தவர், "எனக்கு அன்னிக்கு இது தெரியலையேப்பா"னார்.

எனக்கும்தான் தெரியலப்பா. இப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருச்சுல்ல மக்களே? ஸ்கேலை எடுங்க, காலை அளங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!